வாழையிலைக்கு ஒரு பக்கமா மூணு பக்கமா? கீவேர்ட் சேர்க்கற நாலு வழியும் ஓட்டிப் பார்த்த கதை

கோலாலம்பூர்ல, அதாவது கேஎல்ல, செந்தூல்ங்கற இடத்துல ஒரு அக்கா கேட்டரிங் பண்றாங்க, கல்யாணம், பிறந்தநாள், கருமக்கிரியைன்னு எல்லாத்துக்கும் வாழையிலை சாப்பாடு. அவங்க வெப்சைட்டுக்காக கீவேர்ட், அதாவது ஜனங்க கூகுள்ல போட்டுத் தேடற சொற்கள், எடுத்தேன், கிட்டத்தட்ட 600 வந்து விழுந்துச்சு, இங்கிலீஷ் மலாய் தமிழ் மூணும் ரொஜாக் மாதிரி கலந்து, கேஎல்ல அப்படித்தானே, ஒரே ஆளு காலைல மலாய்ல தேடுவான் மத்தியானம் இங்கிலீஷ்ல தேடுவான். 600க்கும் 600 பக்கம் எழுதினா பைத்தியம் பிடிச்சிரும், எல்லாத்தையும் ஒரே பக்கத்துல அடைச்சா கூகுளுக்கும் புரியாது படிக்கறவங்களுக்கும் புரியாது. எதை எதோட சேர்த்து ஒரு பக்கம் போடறது, அவ்வளவுதான் கேள்வி. நாலு வழியையும் இதே லிஸ்ட் மேல ஓட்டிப் பார்த்தேன், எனக்குப் பிடிச்சது எதுன்னு மறைக்கப் போறதில்ல, கூகுள் ரிசல்ட்ட வச்சு சேர்க்கறதுதான், ஆனா அதுலயும் குழி இருக்கு, நானே ரெண்டு தடவை விழுந்திருக்கேன்.

முதல்ல எழுத்து ஒத்துமை. ரெண்டு கீவேர்ட்ல எத்தனை வார்த்தை பொதுவா இருக்கு, இல்லன்னா எத்தனை எழுத்தை மாத்தினா ஒண்ணு இன்னொண்ணா ஆகும்னு பார்க்கறது. லெவன்ஷ்டைன்னு ஒரு ரஷ்யக் கணக்குக்காரர் 1965ல சொன்னது, இன்னிக்கும் எல்லா ஸ்ப்ரெட்ஷீட் ஆட்களும் அதைத்தான் தூக்கிட்டு வருவாங்க. காசு கிடையாது, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும், தோசைய டி போட்டு எழுதினாலும் டிஎச் போட்டு எழுதினாலும் அழகா சேர்த்துரும். ஆனா என் லிஸ்ட்ல மூணு கீவேர்ட் பாருங்க: 'பனானா லீஃப் நியர் மி', 'பனானா லீஃப் கேட்டரிங்', 'பனானா லீஃப் சப்ளையர்'. இந்த முறை மூணையும் ஒரே கூடையில போட்டுருச்சு. முதல் ஆளுக்கு பசிக்குது, இப்பவே கடை வேணும். ரெண்டாவது ஆளுக்கு அடுத்த மாசம் வீட்டுல விசேஷம். மூணாவது ஆளு கடைக்காரன், அவனுக்கு வேண்டியது வெறும் இலை லா, கட்டு கட்டா. இது ஒரு குறைன்னா, மலாய்ல இருக்கற 'நாசி டாவுன் பீசாங்'ல ஒரு வார்த்தைகூட ஒத்துப் போகலைன்னு அதை தனியா தள்ளிருச்சு, அதுவும் வாழையிலை சாப்பாடுதான்னு அதுக்கு எங்க தெரியும். தமிழ்ல இன்னும் மோசம், பூக்கடை, பூ கடை, பூக்கடையில, பூக்கடைங்கன்னு நம்ம வார்த்தை வால் நீண்டுகிட்டே போகும், எழுத்தை எண்ணற முறை அதுல தடுமாறிரும். எழுத்துப்பிழைய ஒண்ணா சேர்க்கறதுக்கு மட்டும் இதை வச்சுக்கலாம், அதுக்கு மேல நம்பாதீங்க.

ரெண்டாவது எம்பெட்டிங். ஒவ்வொரு கீவேர்டையும் ஒரு நீள எண் வரிசையா மாத்தி, அர்த்தம் பக்கத்துல இருந்தா எண்ணும் பக்கத்துல இருக்கற மாதிரி செய்யறது. கூகுள் ஆளுங்க 2020ல விட்ட லாப்சேன்னு ஒரு மாடல் இருக்கு, 109 மொழிக்கு, தமிழும் உண்டு மலாயும் உண்டு, இலவசமா இறக்கி நம்ம லேப்டாப்லயே ஓட்டலாம். இது நாசி டாவுன் பீசாங்கையும் பனானா லீஃப் ரைசையும் கையப் பிடிச்சு பக்கத்துல உட்கார வச்சதப் பார்த்தப்போ எனக்கு சந்தோஷம் தாங்கல, மூணு மொழிக்காரனுக்கு இதைவிட என்ன வேணும்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, அர்த்தம் ஒண்ணா இருந்தா பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு சட்டம் இல்ல. 'கேட்டரிங் விலை'யும் 'கேட்டரிங் எப்படி ஆரம்பிக்கறது'யும் அதுக்கு கிட்டத்தட்ட அண்ணன் தம்பி, ஒருத்தன் காசு குடுக்க வந்தவன் இன்னொருத்தன் நமக்கே போட்டியா வரப் போறவன். இன்னொரு தொல்லை, எவ்வளவு பக்கத்துல இருந்தா ஒண்ணுன்னு எடுத்துக்கறதுங்கற கோட்டை நாமதான் கிழிக்கணும், கேமீன்ஸ்னு கூட்டம் பிரிக்கற கணக்கு போட்டா எத்தனை கூட்டம் வேணும்னு முன்னாடியே சொல்லணும், அது தெரிஞ்சா நான் ஏன் இதெல்லாம் பண்றேன்.

மூணாவது, ஏஐ சாட்பாட்ல லிஸ்ட்ட ஒட்டி 'பிரிச்சுக் குடு'ன்னு கேக்கறது. எனக்கு 600 குடுத்தப்போ திரும்பி வந்ததுல சிலது காணாமப் போச்சு, நான் தராத கீவேர்ட் சிலது புதுசா முளைச்சுச்சு. கூட்டத்துக்குப் பேரு வைக்கறதுல மட்டும் கெட்டிக்காரத்தனம், அதுக்கு வச்சுக்கிட்டேன்.

இப்போ நாலாவது, இதுக்குத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன். ஒவ்வொரு கீவேர்டையும் கூகுள்ல போட்டு முதல் 10 லிங்க்க எடுத்து வச்சுக்கிட்டு, எந்த ரெண்டு கீவேர்டுக்கு ஒரே லிங்க் நிறைய வருதோ அதுங்கள சேர்க்கறது. இதுல யோசனை என்னன்னா, இந்த ரெண்டு தேடலுக்கும் ஒரே பக்கம் போதுமாங்கற கேள்விக்கு பதில நாம ஊகிக்க வேண்டாம், கூகுள் ஏற்கனவே தன் முதல் பக்கத்துல சொல்லி வச்சிருக்கு. அதே மூணு பனானா லீஃப போட்டேன்: நியர் மி போட்டா மேப்பும் சாப்பாட்டுக்கடையும், கேட்டரிங் போட்டா பேக்கேஜ் விலை போட்ட பக்கங்க, சப்ளையர் போட்டா மொத்த வியாபாரிங்க. ஒரு லிங்க்கூட பொதுவா இல்ல. மூணு வேலை, மூணு பக்கம், அதுல அக்காவுக்கு வேண்டியது நடுவுல இருக்கறது.

எத்தனை லிங்க் ஒத்துப் போனா சேர்க்கலாம்? தொழில்ல இருக்கறவங்க 3 இல்லன்னா 4னு வச்சுப்பாங்க, நான் 4. இப்படி சேர்த்துக் குடுக்கற டூல்ல சதவீதம் கேட்டா கொஞ்சம் உஷாரா இருங்க. 10க்கு 4 ஒத்துப் போனா நேர் கணக்குல 40, ஆனா ஜக்கார்ட் கணக்குல 25தான், ஏன்னா அது ரெண்டு லிஸ்ட்டையும் சேர்த்து வர்ற மொத்த 16 லிங்க்கால வகுக்கும். ஜக்கார்ட்ல 40ன்னு கோடு போட்டீங்கன்னா 6 லிங்க் ஒத்துப் போகணும், பாதிக் கூட்டம் சிதறிரும். இப்படித்தான் முதல் தடவை நான் விழுந்தேன், டூல்மேல கோவப்பட்டு ரெண்டு நாள் வீணாப் போச்சு. இந்த ஜக்கார்ட் யாருன்னு தேடிப் பார்த்தா ஸ்விட்சர்லாந்துல செடி கொடி ஆராய்ச்சி பண்ணினவராம், 1900ஐ ஒட்டி ஆல்ப்ஸ் மலையில ஒரு இடத்துல இருக்கற செடியும் இன்னொரு இடத்துல இருக்கற செடியும் எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு பார்க்கப் போட்ட கணக்கு. இன்னிக்கு அதுல நம்ம வாழையிலை. முதல் இடத்துல ஒத்துப் போறதும் பத்தாவது இடத்துல ஒத்துப் போறதும் ஒண்ணாங்கறவங்களுக்கு 2010ல வெப்பர், மொஃபட், ஸோபெல்னு மூணு பேர் சொன்ன ஆர்பிஓ கணக்கு இருக்கு, மேல இருக்கற இடத்துக்கு அதிக மதிப்பு குடுக்கும். செந்தூல் கேட்டரிங்குக்கு அது தேவைப்படல.

ரெண்டாவது குழி சங்கிலி. 'பனானா லீஃப் கேட்டரிங்' 'இந்தியன் கேட்டரிங் கேஎல்'லோட ஒட்டிச்சு, அது 'கேட்டரிங் கேஎல்'லோட ஒட்டிச்சு, அது 'ஆபீஸ் பஃபே'யோட ஒட்டிச்சு, கடைசில வாழையிலையும் ஆபீஸ் பஃபேவும் ஒரே கூட்டத்துல, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பொது லிங்க் கிடையாது. கூட்டத்துல இருக்கற ஒவ்வொண்ணும் மத்த எல்லாத்தோடயும் ஒத்துப் போகணும்னு கறாரா வச்சா இது வராது, ஹார்ட் கிளஸ்டரிங்னு சொல்வாங்க, கூட்டம் சின்னதா நிறைய வரும். கூட்டத்துக்குத் தலையா இருக்கற முக்கிய கீவேர்டோட மட்டும் ஒத்துப் போனா போதும்னா சாஃப்ட். காசு வர்ற பக்கத்துக்கு ஹார்ட், சமையல் குறிப்பு மாதிரி கட்டுரைக்கு சாஃப்ட், நான் அப்படித்தான் வைக்கறேன்.

செலவு? ஜோடி கணக்கு பார்த்தா 600க்கு 1,79,700 வருது, அதை லேப்டாப் கண்ணு மூடி திறக்கறதுக்குள்ள போட்டுரும், காசு ஆகறது 600 தேடலுக்குத்தான். கூகுள ரோபோ விட்டு நோண்டறது அவங்க விதிக்கு விரோதம், அதனால எல்லாரும் நடுவுல ஒரு சர்வீஸ்க்கு காசு கட்டி எடுக்கறாங்க. 2025 செப்டம்பர்ல கூகுள் ஒரே தடவையில 100 ரிசல்ட் எடுக்கற வழிய அடைச்சப்போ ரேங்க் பார்க்கற டூல்காரங்க அலறினாங்க, நமக்கு முதல் 10 போதும்கறதால ஒண்ணும் ஆகல. எடுக்கறப்போ நாடு மலேசியான்னும் ஊர் கேஎல்ன்னும் வச்சிருக்கான்னு பாருங்க, இல்லன்னா எங்கயோ அமெரிக்கால தேடின மாதிரி ரிசல்ட் வரும். பினாங்குல இருக்கற கஸ்டமருக்கு கேஎல் ரிசல்ட்ட வச்சு பிரிச்சாலும் தப்புதான், ஜார்ஜ்டவுன்ல தேடினா செந்தூல் கடை ஏன் வரப்போகுது. விளம்பரம், மேப், மேல வர்ற ஏஐ பதில் எதையும் எண்ணாதீங்க, கீழ இருக்கற சாதா லிங்க் மட்டும். டொமைன, அதாவது வெப்சைட் பேர மட்டும், ஒப்பிடாம பக்கத்தோட முழு முகவரிய ஒப்பிடணும், யூடியூப்பும் ஷாப்பியும் எல்லாத் தேடல்லயும் தலை நீட்டும், டொமைன் பார்த்தா ஊரே ஒரு கூட்டமாயிரும். தீபாவளி நெருங்கறப்போ 'முறுக்கு ஆர்டர்' ரிசல்ட்டே வேற, மார்ச் மாசம் பிரிச்சத அக்டோபர்ல நம்பாதீங்க.

மொழி விஷயத்துல எம்பெட்டிங்கும் இதுவும் நேர் எதிரா நிக்குது. 'கேட்டரிங் கெண்டூரி இந்தியா'ன்னு (கெண்டூரின்னா விருந்து) மலாய்ல தேடினா மலாய்ப் பக்கம், இங்கிலீஷ்ல தேடினா இங்கிலீஷ் பக்கம், லிங்க் ஒத்துப் போகாது, அதனால பிரிச்சிரும். முதல்ல இது குறைன்னு நினைச்சேன். ஆனா மலாய்க்கு ஒரு பக்கம் இங்கிலீஷ்க்கு ஒரு பக்கம் நிஜமாவே தனியா வேணும், எம்பெட்டிங் சொன்னபடி சேர்த்திருந்தா பாதி மலாய் பாதி இங்கிலீஷ்னு ஒரு பக்கம் எழுதி ரெண்டுலயும் கோட்டை விட்டிருப்பேன். தமிழ் கீவேர்டுக்கு மட்டும் இந்த முறை நொண்டுது, இந்த ஊர்ல இருந்து தமிழ்ல எழுதின பக்கமே கம்மி, எதைத் தேடினாலும் அதே யூடியூப் வீடியோவும் தமிழ்நாட்டுப் பக்கமும் வந்து, சம்பந்தமே இல்லாத ரெண்டு கீவேர்ட் ஒத்துப் போற மாதிரி காட்டும். அதுக்கு நான் கையாலயே பிரிச்சேன், முப்பது நாப்பதுதான் இருந்துச்சு, மாமாக் கடையில ஒரு தே தாரிக் டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிரும்.

அதனால இப்போ என் வரிசை இதான்: எம்பெட்டிங்ல பெரிய மூட்டையா கட்டிக்குவேன், அது இலவசம். காசு வர்ற மூட்டைய மட்டும் ரிசல்ட் எடுத்து 4 லிங்க் வச்சு உடைப்பேன். ஆயிரக்கணக்குல கீவேர்ட் இருந்தா பணம் கணிசமா மிச்சம், அம்பது கீவேர்ட்தான்னா முதல் படியே வேண்டாம், நேரா ரிசல்ட்டுக்குப் போயிருங்க.

லிஸ்ட்ட அக்காகிட்ட காட்டினேன். சப்ளையர் வரியில விரல வச்சு, "இதை ஏம்பா விட்டுட்ட, இலைன்னுதானே இருக்கு?"ன்னாங்க. இதைத் தேடறவங்க இலை வாங்க வர்றவங்க அக்கா, சாப்பாட்டுக்கு இல்லன்னேன். "அட, நானே சௌக்கிட் மார்க்கெட்ல போய் வாங்கறேன், எங்கிட்ட எங்க இலை இருக்கு"ன்னு சிரிச்சிட்டு, அந்த சப்ளையர் நம்பர் இருந்தா எனக்கு அனுப்பு, இப்போ நான் இலை வாங்கற கடைக்காரன் விலைய ஏத்திட்டான்னாங்க.