கிரேட் 8 போதுமா, ஏ-லெவல் இசையும் வேண்டுமா?

இங்கிலாந்தில் 11ஆம் ஆண்டில் (15-16 வயதில்) படிக்கும் பிள்ளை வயலினிலோ பியானோவிலோ எட்டுப் படி கொண்ட வாத்தியத் தேர்வுகளில் கிரேட் 7ஐத் தொட்டுவிட்டால், ஏ-லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுப் படிப்பு) பாடம் தெரிவு செய்யும்போது தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "கிரேட் 8 எடுக்கத்தானே போறாள், பிறகு எதுக்கு மூன்று பாடத்தில ஒன்றை மியூசிக்குக் குடுக்கிறது?" இரண்டும் ஒரே படிப்பு என்ற எண்ணத்தில் வரும் கேள்வி இது. என் சாய்வு ஏ-லெவல் பக்கம். இங்கே ஒப்பிடுவது எடெக்செல் தேர்வு வாரியத்தின் ஏ-லெவல் பாடத்திட்டத்தையும், ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு அமைப்பின் கிரேட் 8ஐயும். மற்ற வாரியங்களில் மதிப்பெண் பங்கீடு சற்று மாறும்.

புள்ளிக் கணக்கை விரைவாகப் பார்த்துவிடலாம். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸில் கிரேட் 8 வாசிப்புத் தேர்வுக்கு பாஸ் 18, மெரிட் 24, டிஸ்டிங்ஷன் 30. ஏ-லெவலில் சி எடுத்தால் 32, ஏ எடுத்தால் 48. டிஸ்டிங்ஷன்கூட ஒரு சி-யை எட்டவில்லை. மருத்துவம் போன்ற படிப்புகளில் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. மூன்று பாடங்களில் என்ன தரம் என்றுதான் கேட்பார்கள். வேதியியல், உயிரியலோடு மூன்றாவதாக இசையை ஏற்கும் மருத்துவப் பீடங்கள் பல உண்டு. மூன்றாவதும் அறிவியலோ கணிதமோ ஆக இருப்பதை விரும்புபவையும் உண்டு. விண்ணப்பிக்கும் இடத்தின் பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கிரேட் 8இல் மூன்று உருப்படிகள், ஸ்கேல்கள், பார்த்தவுடன் வாசிப்பது, செவித்திறன் எல்லாம் சேர்த்து 150 மதிப்பெண். பாஸுக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. நல்ல ஆசிரியரும் அன்றாடப் பயிற்சியும் இருந்தால் போதும். ஏ-லெவலில் வாசிப்பு 30 சதவீதம் மட்டுமே. இன்னொரு 30 இசையமைப்பு. மீதி 40 எழுத்துத் தேர்வு: ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதுவது, விடுபட்ட சுரங்களைக் கேட்டு நிரப்புவது, இரண்டு கட்டுரைகள்.

முடிவைத் தீர்மானிப்பது நடுவில் உள்ள அந்த 30தான். வாசிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் சறுக்குவதும் அங்கேதான். இசையமைப்பின் 60 மதிப்பெண்ணில் 20 நுட்பப் பயிற்சிக்கு. அதற்குப் பல மாணவர்கள் எடுப்பது பாக் கோரல் (பாக் பாணியில் நான்கு குரல்களுக்கான தேவாலயப் பாட்டு): மேல்குரலின் மெட்டைத் தந்துவிடுவார்கள், கீழே ஆல்டோ, டெனர், பேஸ் (அடிக்குரல்) மூன்றையும் எழுத வேண்டும். கண்காணிப்பில், அதிகபட்சம் 6 மணி நேரம். கிரேட் 8 வாசிப்புத் தேர்வு இந்தத் திறனைச் சோதிப்பதே இல்லை.

இடமிருந்து வலமாக ஒவ்வொரு சுரத்துக்கும் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) தேடிக்கொண்டு போவதுதான் வழக்கமான பிழை. முதலில் ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தை, அதாவது ஃபெர்மாட்டா என்ற நிறுத்தக் குறி உள்ள இடத்தை, குறியுங்கள். அதற்கு முந்தைய இரண்டு சுரங்களோடு சேர்த்து முடிவை மட்டும் எழுதுங்கள். மேஜர் ஸ்கேல் நமக்குச் சங்கராபரணம்தான், ஆகவே ஸ்வரத்திலேயே சொல்லலாம். மெட்டு ஸ-நி-ஸ என்று முடிந்தால் பேஸுக்கு ம-ப-ஸ. பாக்கிடம் அடிக்கடி காணும் முடிவு இது. க-ரி-ஸ என்று முடிந்தால் ஸ-ப-ஸ. அங்கே த-ப-ஸ எழுத ஆசை வரும், ஆனால் க-வுக்குக் கீழே த, ரி-க்குக் கீழே ப என்று ஐந்தாம் இடைவெளி அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிடும். மதிப்பெண் போகும்.

முடிவுகள் அமைந்த பிறகு பேஸை முழுதாக எழுதுங்கள், கூடியவரை மெட்டுக்கு எதிர்த்திசையில். உள்குரல்கள் அதற்குப் பிறகுதான். மேல்குரலுக்கும் ஆல்டோவுக்கும், ஆல்டோவுக்கும் டெனருக்கும் இடையே ஒரு ஸ்தாயிக்கு மேல் விலகக் கூடாது. நி-யை இரண்டு குரல்களுக்குக் கொடுக்கக் கூடாது. மைனர் ஸ்கேலில் நி-யை அரைச்சுரம் உயர்த்த மறக்கக் கூடாது. கடைசியாகக் குவேவர்களை (அரை எண்ணிக்கைச் சுரங்களை) சேர்த்து ஓட்டம் கொடுங்கள். சேர்த்த பிறகு மறுபடியும் சரிபார்ப்பது கட்டாயம், ஏனெனில் சுத்தமாக இருந்த இடத்தில் அந்தக் குவேவரே அடுத்தடுத்த ஐந்தாம் இடைவெளியைப் புதிதாகக் கொண்டுவந்து வைக்கும்.

கர்நாடக இசையில் வளர்ந்த காதுக்கு மெட்டு சட்டென்று பிடிபடும், பேஸ் பிடிபடாது. சுருதி மாறாமல் நிற்க, அதன்மேல் பாட்டு நகர்வதுதான் அந்தக் காதுக்குப் பழக்கம். மருந்து எளிது: கோரல் ஒன்றை ஒலிக்கவிட்டு, மெட்டை விட்டுவிட்டு பேஸை மட்டும் கூடப் பாடுவது. 12ஆம் ஆண்டு முழுக்க வாரம் இரண்டு செய்தால் போதும். இரண்டு ஆண்டுகள் இப்படிப் பழகிய பிள்ளைக்குத் தான் வாசிக்கும் உருப்படியின் உள்கட்டும் புரிகிறது. ஏ-லெவல் பக்கம் நான் சாய்வது இதனால்தான்.

கிரேட் 8 மட்டுமே போதும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. பள்ளியில் இசைத்துறை ஒரே ஆசிரியரோடு தடுமாறினால், இசையமைப்புக்கு வழிகாட்ட ஆள் இருக்காது. ஐந்து வரியில் இசை எழுதப் படிக்கத் தெரியாமல் பாட்டு மட்டும் பயின்ற பிள்ளைக்கும் அந்த எழுத்துத் தேர்வு சுமைதான். வாசிப்புப் பகுதியில் கர்நாடக இசையைக் கொடுக்க இடம் உண்டு என்றாலும், கடினத்தை அளக்கும் கோல் மேற்கத்திய கிரேடுகள்தான். பள்ளியோடு முன்கூட்டியே பேசிவையுங்கள்.

இரண்டையும் எடுப்பதானால் வரிசை முக்கியம். ஏபிஆர்எஸ்எம்மில் கிரேட் 6இலிருந்து மேலே போக கிரேட் 5 தியரி வேண்டும் (அதற்கு இணையான வேறு தேர்வுகளும் ஏற்கப்படும்). அதை 11ஆம் ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். கிரேட் 8ஐ 12ஆம் ஆண்டுக் கோடையில் எழுதிவிட்டு, அதே உருப்படிகளில் இரண்டு மூன்றை ஏ-லெவல் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே எதிர்பார்க்கும் தரம் கிரேட் 7. அதைவிடக் கடினமானதை நன்றாக வாசித்தால் மதிப்பெண் கூடும். மொத்தம் 8 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. கைதட்டலையும் சுருதி சேர்ப்பதையும் கணக்கில் எடுக்காமல் கடிகாரம் வைத்துப் பார்த்து, ஒன்றரை நிமிடமாவது கூடுதலாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.