கேபிளோடு ஆடுவதா, பேட்டரியை மாற்றுவதா?

வீடியோ கேம் ஆடும் ஒயர்லெஸ் கன்ட்ரோலர் சார்ஜ் ஏற்றிய சிறிது நேரத்திலேயே அணைந்துவிடுகிறதென்றால், உள்ளே இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி மூப்படைந்திருக்க வாய்ப்பு அதிகம். சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினாலே அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும்.

கேபிளைச் செருகியே ஆடுவது செலவில்லாத வழி. மேசைக்கு அருகில் உட்கார்ந்து ஆடுபவருக்கு அதுவே போதும். ஆனால் ஓயாமல் இழுபடும் கேபிள், சார்ஜ் துளையைத் தளர்த்திவிடும். பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4-இல் உள்ள மைக்ரோ யூஎஸ்பி துளைக்கு இந்த ஆபத்து கூடுதல். துளை கெட்டால் பழுது பார்ப்பது பேட்டரி மாற்றுவதைவிடப் பெரிய வேலை.

பேட்டரி மாற்றுவது பலர் அஞ்சுமளவுக்குக் கடினமில்லை. டூயல்ஷாக் 4-இன் பின்புறம் நான்கு திருகுகள்தான். மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். இரு பாதிகளையும் ஒரு மெல்லிய ரிப்பன் கேபிள் இணைக்கிறது. பேட்டரியில் சாலிடரிங் இல்லை, இணைப்பியைக் கழற்றி மாட்டினால் போதும். முந்தைய, பிந்தைய மாடல்களில் இணைப்பியின் அளவு வேறு என்பதால் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அசல் பேட்டரியின் கொள்ளளவு 1000 எம்ஏஎச். அதே பருமனில் 2000 என்று அச்சிட்டிருந்தால் நான் நம்பமாட்டேன்.

பேட்டரி உப்பியிருந்தால் கேபிள் வழிக்கே இடமில்லை. செருகினால் அதற்கும் சார்ஜ் ஏறும். அதைக் குத்தாமல், நெம்பாமல் கழற்றி, மின்கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள்.