காசு கொடுத்து வாங்கிய மலைப்பாதை, யாரும் நடக்காத கோடு

அதிகம் பேர் போகாத சிகரங்களுக்கு வழித்தடம் விற்கிறோம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். பணம் கட்டினால் ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பும் (வழியைப் புள்ளி புள்ளியாகச் சேமித்து, கைபேசி வரைபடத்தில் கோடாகக் காட்டும் கோப்பு) இரண்டு பக்கக் குறிப்பும் வரும். "நாங்களே நடந்து பதிவு செய்தது" என்றார்கள். நம்பி வாங்கிக்கொண்டு நானும் நண்பரும் ஏறினோம்.

மரங்கள் முடியும்வரை சிக்கல் இல்லை. முகட்டுக்கு ஏறும் இடத்தில் பாதை காணாமல் போனது. கைபேசித் திரையில் மட்டும் கோடு நேராக மேலே போனது. எதிரில் நின்றதோ நாலைந்து ஆள் உயரத்துக்குச் செங்குத்துப் பாறை. ஒரு பக்கம் ஓடைப் பள்ளம், மறுபக்கம் கால் வைத்தால் சரியும் கற்கள். திரும்பிவிட்டோம், அடிவாரம் சேர்வதற்குள் இருட்டிவிட்டது.

விற்றவர்களைக் கேட்டால், "பருவத்துக்குப் பருவம் பாதை மாறும்" என்று பதில். பாறை எந்தப் பருவத்தில் முளைக்கும் என்று கேட்டேன், பேச்சில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்" என்ற பொடி எழுத்து வரியைக் காட்டினார்கள். அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.

சரி, கோப்பைப் பிரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்துக் கோப்புதான். எந்த எடிட்டரிலும் திறக்கும். நடந்து பதிவு செய்த தடத்தில் வழக்கமாக ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கும். மூச்சு வாங்க நின்ற இடத்தில் புள்ளிகள் குவிந்து கிறுக்கலாகத் தெரியும். இதில் நேரமே இல்லை, வளைவுகள் எல்லாம் வழவழவென்று இருந்தன. சிலர் அந்தரங்கம் கருதி நேரத்தை நீக்குவார்கள்தான். ஆனால் மனிதக் கால் அவ்வளவு அழகாக வளையாது. கணினியில் வரைபடத்தின் மேல் இழுத்த கோடு அது.

உயர விவரமும் அப்படித்தான். இப்படி வரையும்போது உயரம் பெரும்பாலும் செயற்கைக்கோள், விண்கலத் தரவிலிருந்து தானாக நிரம்பும். 2000இல் எண்டெவர் விண்கலம் ரேடாரில் எடுத்த தரவு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் நுணுக்கமானதற்கே சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். சின்னப் பாறைச்சுவர் அதில் சாதாரணச் சரிவாகக் கரைந்துவிடும். வரைபடத்தில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரையும் சம உயரக் கோடுகளுக்கு நடுவிலும் அது ஒளிந்துகொள்ளும்.

நேரக் கணக்கு இன்னும் மோசம். போய்வர 14 கிலோமீட்டர், ஏற்றம் 1,200 மீட்டர், மூன்றரை மணி நேரம் போதும் என்றிருந்தது. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி எளியது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி 4 மணி 48 நிமிடம். நல்ல பாதையில், ஓய்வே எடுக்காமல்!

பெயர் பெற்ற சிகரமென்றால் பலர் பதிவு செய்த தடங்களோடு ஒப்பிட்டுவிடலாம். இங்கே அது கிடையாது என்பதுதான் இவர்களுக்கு வசதி. விமர்சனங்களும் "வாங்கிவிட்டேன், சூப்பர்" ரகம். உச்சியில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. வாங்கும் முன் நேரத்தோடு கூடிய மூலப் பதிவைக் கேளுங்கள். கடினமான இடத்தின் படத்தையும் கேளுங்கள். நடந்தவரிடம் அது இருக்கும்.

என் புகாருக்குப் பிறகு குறிப்பில் கடினத்தன்மை 'எளிது' என்றிருந்ததை 'நடுத்தரம்' என்று மாற்றியிருக்கிறார்கள். கோடு அதே பாறை வழியாகத்தான் போகிறது, விற்பனையும் நடக்கிறது.