பெங்களூரு சம்பளமும் நம்பியோ கணக்கும்

பெங்களூரில் யுஐ டிசைனர் வேலை, அதாவது ஆப், இணையதளத் திரைகளை வடிவமைக்கும் வேலை; பிடித்தம் போக மாதம் கைக்கு 62,000 என்றார்கள். சேலத்தில் இப்போது வாங்குவது 38,000. போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்ததும் நான் திறந்தது நம்பியோ தளத்தைத்தான். 2009 முதல் இருக்கும் தளம். இரண்டு ஊர்களின் விலைவாசியை இலவசமாக ஒப்பிட்டுக் காட்டும். விலைகளில் பெரும்பகுதி அந்தந்த ஊர்க்காரர்கள் பதிவு செய்பவை.

பால், முட்டை, பஸ் டிக்கெட், இன்டர்நெட் என்று பொருள்வாரியாகப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஒயின் பாட்டில், மெக்டொனால்ட்ஸ் சாப்பாடு எல்லாம் பட்டியலில் உண்டு; எங்கள் வீட்டுச் செலவில் கிடையாது, அவற்றை விட்டுவிட்டேன்.

இங்கே இவ்வளவுக்கு வாழ்பவருக்கு அங்கே இவ்வளவு வேண்டும் என்று ஒரு வரி வரும் பாருங்கள், அதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இரண்டு ஊரிலும் வாடகைக்கு இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. நான் அம்மாப்பேட்டையில் அப்பா அம்மாவோடு சொந்த வீட்டில் இருக்கிறேன். எனக்கு வாடகை பூஜ்யத்திலிருந்து ஒரேயடியாக 17,000 ஆகிறது. அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, அதாவது 85,000, முதலிலேயே எண்ணி வைக்க வேண்டும்.

அப்புறம் நம் தொழில் செலவு. லேப்டாப் இஎம்ஐ, அடோபி, ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருள்களுக்குச் சந்தா, எல்லாம் சேர்த்து எனக்கு மாதம் 9,000. சேலம் ஐந்து ரோட்டில் இருந்து கட்டினாலும் பெங்களூரு கோரமங்கலாவில் இருந்து கட்டினாலும் அதே தொகைதான். முழுச் சம்பளத்தையும் விலைவாசி விகிதத்தால் பெருக்கினால் இதுவும் சேர்ந்து பெருகி, கணக்கு தப்பாகிவிடும்.

சராசரிச் சம்பளம் என்று தளம் காட்டுவது எல்லா வேலைக்கும் பொதுவானது. டிசைனர் சம்பளம் தெரிய ஆம்பிஷன்பாக்ஸ் என்ற சம்பளத் தகவல் தளத்தைப் பாருங்கள். பதவி, அனுபவம், ஊர் வாரியாகப் பார்க்கலாம். ஆனால் அது ஆண்டுச் சம்பளம். 12-ஆல் வகுத்தால் வருவது கைக்கு வரும் பணம் இல்லை. சிடிசி என்று சொல்வது நிறுவனம் நமக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு; அதில் நிறுவனம் செலுத்தும் பிஎஃப், பல இடங்களில் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் அடங்கியிருக்கும்.

விலை தெரிந்துகொள்ள நம்பியோ, முடிவெடுக்க நம் நோட்டு. என் நோட்டில் சேலத்தில் வீட்டுக்கு 10,000, தொழிலுக்கு 9,000, பெட்ரோலும் போனும் 4,000 போக 15,000 மிச்சம். பெங்களூரில் வாடகை, தொழில் செலவு போக, சாப்பாடு 9,000, போக்குவரத்தும் போனும் 6,000, ஊருக்கு வந்துபோக 3,000, வீட்டுக்கு 5,000. மிஞ்சுவது 13,000.

இளம்பிள்ளை சேலை கேட்லாக், செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடை விளம்பரம் என்று செய்துவரும் எனக்கு ஆப் டிசைன் கற்க அந்த வேலை வேண்டும், போகத்தான் ஆசை. அதனால் கைக்கு 70,000 கேட்டிருக்கிறேன்.