3,800 வெள்ளி போச்சு: ‘99-1’ என்று வரி மிச்சம் காட்டுகிறவர்களிடம் உஷார்

சிங்கப்பூரில் இரண்டாவது வீடு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். சொத்து முதலீட்டு வகுப்பு நடத்தும் ஒரு கூட்டம் என்னிடம் 3,800 வெள்ளி பிடுங்கிவிட்டது. பெயர் போடவில்லை. ஹோட்டல் மண்டபத்தில் இலவசக் கூட்டம், பிறகு ‘தனி ஆலோசனை’க்குக் காசு, அந்த ரகம்.

எனக்கு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு இருக்கிறது. தம்பிக்குச் சொந்த வீடு இல்லை. 15 லட்சம் வெள்ளிக்கு ஒரு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) பார்த்திருந்தான். அவன் சம்பளத்துக்கு மட்டும் வங்கி அவ்வளவு கடன் தராது, என் வருமானமும் சேர வேண்டும். ஆனால் என் பெயர் சேர்ந்தால் எனக்கு அது இரண்டாவது வீடு. இரண்டாவது வீட்டுக்குக் கட்டும் கூடுதல் முத்திரைத் தீர்வையான ஏபிஎஸ்டி குடிமக்களுக்கே 20 விழுக்காடு. என் பங்கு துளியூண்டு என்றாலும் முழு விலைக்கும் கட்ட வேண்டும். 3 லட்சம் வெள்ளி!

ஆலோசகர் தமிழர்தான். “அண்ணே, நம்மாளுங்க இப்படி வரி கட்டியே அழியறாங்க, மனசு கேக்கல” என்றார். விளம்பரத் தாளைத் திருப்பி 3,00,000 என்று எழுதினார், குறுக்கே ஒரு கோடு இழுத்தார், கீழே 3,000 என்று எழுதி வட்டம் போட்டார். முதலில் தம்பி முழு வீட்டையும் வாங்குவதாகக் கையெழுத்து, கொஞ்ச நாளில் 1 விழுக்காட்டை எனக்கு விற்பது, அந்த ஒரு விழுக்காட்டுக்கு மட்டும் ஏபிஎஸ்டி. தம்பிக்கு 99, எனக்கு 1, இதுதான் ‘99-1’. “எல்லாம் சட்டப்படிதான். உங்க தம்பி எனக்கும் தம்பி மாதிரி.” அந்த வார்த்தையை நம்பி அங்கேயே கைப்பேசியில் பேநவ் வழியாக 3,800 வெள்ளி அனுப்பினேன்.

வீட்டுப் பத்திரம் பார்க்கும் லாயரிடம் இதைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். வரியைத் தவிர்க்கவே இப்படி இரண்டாகப் பிரித்தால், வரி வசூலிக்கும் உள்நாட்டு வருவாய் ஆணையம் முத்திரைத் தீர்வைச் சட்டத்தின் 33ஏ பிரிவின்படி விட்டுப்போன தொகையை முழுதாக வசூலிக்கும், அதன் மேல் 50 விழுக்காடு கூடுதலாகவும் போடும் என்றார். எங்கள் கணக்கில் 3 லட்சத்தோடு இன்னும் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். இந்த 99-1 ஏற்பாடுகளை ஆராய்வதாக ஆணையம் 2023லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. வகுப்பு நடத்துகிறவனுக்கு அது தெரியாதா?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் “சார் மீட்டிங்ல இருக்காரு”. அடுத்து “சார் ஜொகூர் போயிருக்காரு”. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியாக ஒரு பெண் பேசினார்: “நீங்க கட்டினது படிப்புக்கு, ரீஃபண்ட் இல்ல. செய்யறதும் செய்யாததும் உங்க முடிவு.” தம்பி மாதிரி என்றவர் இன்றுவரை போன் எடுக்கவில்லை. 3,800 வெள்ளி என் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் காசு.

அந்த வகுப்பில் சொன்ன இன்னொன்றும் பொய். வாடகைக்கு விட்டால் வீட்டுக் கடன் தவணை முழுவதையும் வருமானத்திலிருந்து கழிக்கலாமாம். வட்டியைத்தான் கழிக்க முடியும், அசலை முடியாது. மற்ற செலவுகளுக்கு ரசீது இல்லாமலே வாடகையில் 15 விழுக்காடு கழிக்கலாம். இதெல்லாம் ஆணையத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது.

ஆகவே: முதலில் லாயர், பிறகுதான் மற்றவர்கள். ஏபிஎஸ்டி குறையும் என்று யார் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள், எழுதித் தரமாட்டார்கள். மண்டபத்திலேயே காசு அனுப்பாதீர்கள். என்னைப் போல் கொடுத்துவிட்டவர்கள் இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம். நான் மனு போடப் போகிறேன். இதே கூட்டத்திடம் மாட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள்.