ஜிடிபி, பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு: ரீடைரக்டை மட்டும் தொடாதீர்கள்

ஜிடிபி (GDB) என்பது புரோகிராம்களில் பிழை தேட உதவும் டீபகர். அது தரும் பதில்களைக் கோப்பில் பதிந்துவைக்கும் லாகிங் வசதியைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. போன வாரம் எங்கள் குழுவின் டம்ப் ஸ்கிரிப்டை ஒருவழியாகச் சரிசெய்து முடித்தேன், அதே சமயம் நண்பர் ஒருவரும் "லாக் கோப்புல புரோகிராம் அவுட்புட் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?" என்று கேட்டார், சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பிரேக்பாயிண்ட் (புரோகிராமை நிறுத்தும் இடம்), பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்) எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்கிரிப்ட் செய்வது எளிய வேலை. கோர் கோப்பை (செத்துப்போன புரோகிராமின் நினைவகப் பதிவை) திறந்ததும் லாக் கோப்பின் பெயரைச் சொல்லும், ரீடைரக்டை ஆன் செய்யும், லாகிங்கை ஆன் செய்யும், எல்லாத் த்ரெட்களின் பேக்டிரேஸையும் ரெஜிஸ்டர்களையும் சில குளோபல் மாறிகளையும் எழுதிவைக்கும், கடைசி வரியில் லாகிங்கை ஆஃப் செய்யும். ரீடைரக்ட் எதற்கென்றால், அத்தனை த்ரெட்டின் பேக்டிரேஸும் திரையில் ஓடவேண்டாம், கோப்புக்கு மட்டும் போனால் போதும் என்பதற்காக. சிம்பல் (மாறி, ஃபங்ஷன் பெயர்கள்) நீக்கிய பைனரியின் கோர் வந்தால் நடுவில் ஏதோ ஒரு மாறி கிடைக்காது, பிழை வரும், வந்த இடத்திலேயே ஜிடிபி ஸ்கிரிப்டை நிறுத்திவிடும். அப்படித்தான் நடக்கும் என்று கையேட்டிலேயே இருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடைசி வரி ஓடவில்லையே! ரீடைரக்ட் அப்படியே நிற்கிறது. அதற்குமேல் நீங்கள் பேக்டிரேஸ் கேட்டாலும் மாறியின் மதிப்பைக் கேட்டாலும் பதில் திரைக்கு வராது, கமுக்கமாகக் கோப்புக்குள் போய்க்கொண்டிருக்கும். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஜிடிபியே தொங்கிவிட்டது என்று நினைத்து டெர்மினலை மூடிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். ஓவர்ரைட்டை ஆன் செய்யாதவரை லாக் பழைய கோப்பின் வாலில்தான் சேரும், அதனால் பாதியில் நின்ற டம்பும் புது டம்பும் ஒன்றாகக் கலந்து, எந்தப் பேக்டிரேஸ் எந்தக் கோருடையது என்றே தெரியாமல் போனது.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. திரை ஊமையானதும் யாராக இருந்தாலும் முதலில் என்ன செய்வார்கள்? ரீடைரக்டை ஆஃப் செய்வார்கள். அது பலிக்காது. லாகிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ரீடைரக்டை மாற்றினால், லாகிங்கையே ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் புது அமைப்பு செல்லும். ஒரு கருவி பேசாமல் போய்விட்ட நேரத்தில், அதைப் பேசவைக்கும் என்று பெயரிலேயே தெரிகிற கட்டளை வேலை செய்யாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை, இத்தனை வருடம் கழித்தும்.

சரிசெய்தது எப்படி என்றால், லாகிங்கை ஸ்கிரிப்டிலிருந்து மொத்தமாகத் தூக்கிவிட்டேன். பைத்தானில் எழுதி, ஒவ்வொரு கட்டளையையும் எக்ஸிக்யூட் மூலம் ஓட்டி, டு-ஸ்ட்ரிங் என்ற வாதத்தை ட்ரூ என்று கொடுத்தால் பதில் திரைக்குப் போகாமல் சரமாகக் கையில் வந்துவிடும். அதை நாமே கோப்பில் எழுதிக்கொள்ளலாம். பிழை வந்தால் பைத்தான் எக்ஸெப்ஷனாக வரும், பிடித்து அதையும் கோப்பில் எழுதிவிட்டு அடுத்த கட்டளைக்குப் போகலாம். திரையின் போக்கை எங்கேயும் திருப்பவே இல்லை, அதனால் திருப்பியதை மீட்க மறக்கவும் வழியில்லை. கோருக்கு ஒரு கோப்பு என்று பெயரும் வைத்தாயிற்று.

நண்பரின் கேள்வி வேறு ரகம், இதில் ஜிடிபியைத் திட்டுவது நியாயமில்லை. லாகிங் பிடிப்பது ஜிடிபி தான் பேசுவதை மட்டுமே. நீங்கள் ஓட்டும் புரோகிராம் தன் அவுட்புட்டை நேராக டெர்மினலுக்கு எழுதுகிறது, ஜிடிபி வழியாக அது வருவதே இல்லை. அது வேண்டுமென்றால் ரன் கட்டளையோடு ஷெல்லில் போடுவதுபோல் பெரிதுக்குறியும் கோப்புப் பெயரும் கொடுங்கள், யூனிக்ஸில் ஜிடிபி இயல்பாக ஷெல் வழியாகத்தான் புரோகிராமைத் தொடங்கும் என்பதால் வேலை செய்யும். அப்புறம் பிரேக்பாயிண்டில் நின்று கோப்பைத் திறந்து பார்த்து, "இன்னும் காலியாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள். கோப்புக்குப் போகும்போது சி நூலகம் வரிவரியாக எழுதாது, பஃபர் நிறைந்தால்தான் எழுதும். நின்ற இடத்திலிருந்தே கால் (call) கட்டளையால், பஃபரில் உள்ளதை எழுதவைக்கும் எஃப்ஃப்ளஷ் (fflush) ஃபங்ஷனை பூஜ்யம் கொடுத்து அழைத்தால் எல்லாம் கோப்புக்கு வந்துவிடும்.

இவ்வளவு குறை சொன்னபிறகு இதையும் சொல்லியே ஆகவேண்டும். இன்னொரு புரோகிராமின் அவுட்புட்டைத் திருப்புவதில் ஜிடிபிக்கு இணையாக எதையும் நான் பார்த்ததில்லை. யாரோ டெர்மினலில் தொடங்கிவிட்டு லாக் கோப்பு கொடுக்க மறந்த நீண்ட வேலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தவும் முடியாது என்று வையுங்கள். ஜிடிபியால் அட்டாச் செய்து (ஓடும் புரோகிராமோடு இணைந்து), அந்தப் புரோகிராமுக்குள்ளேயே ஓபன் ஃபங்ஷனை அழையுங்கள். இரண்டாவது வாதம் சாதாரண எக்ஸ்86 லினக்ஸில் 65, அதாவது எழுதுவதற்கு 1, கோப்பு இல்லாவிட்டால் உருவாக்க 64. மூன்றாவது 0644. திரும்பி வரும் எண்ணைக் கொடுத்து டப்2-வை (dup2) அழைத்து 1-ஆம் டிஸ்கிரிப்டரின் (வழக்கமான அவுட்புட் போகும் எண்) மேல் போடுங்கள், டிடாச் செய்யுங்கள். அந்த நொடியிலிருந்து அவுட்புட் கோப்புக்குப் போகும், வேலை தன்பாட்டுக்கு ஓடும். சிம்பல் இல்லாத நூலகமென்றால் இரண்டு அழைப்புக்கும் முன்னால் இண்ட் என்று காஸ்ட் போடவேண்டும், உபுண்டுவில் அட்டாச் செய்ய பெரும்பாலும் சூடோ வேண்டும். முதன்முறை இது வேலை செய்தபோது வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

2020-இல் வந்த பதிப்பு 9-இல் பைப் கட்டளை சேர்ந்தது. பேக்டிரேஸையோ ஃபங்ஷன் பட்டியலையோ நேராக, தேடித்தரும் கிரெப்புக்கோ பக்கம்பக்கமாகக் காட்டும் லெஸ்ஸுக்கோ அனுப்பலாம், அந்த ஒரு கட்டளை முடிந்ததும் எல்லாம் பழையபடி. ரீடைரக்ட் ஆரம்பத்திலிருந்தே இப்படி இருந்திருக்கவேண்டும். ஒரு கட்டளைக்குத் திறந்து அதோடு மூடிக்கொள்வதை விட்டுவிட்டு, யாராவது அணைக்கும்வரை நிற்கும் சுவிட்சாக வைத்ததுதான் மொத்தச் சிக்கலும். 2022-இல் பதிப்பு 12 வந்தபோது லாகிங் ஆன் என்பதை லாகிங் எனேபிள்டு ஆன் என்று மாற்றினார்கள், பழையது எச்சரிக்கையோடு இன்னும் ஓடுகிறது. பெயரில் கைவைத்த அந்த நேரத்தில் இதிலும் கைவைத்திருக்கலாம்.

1986-இல் குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்த கருவி. கோர் கோப்பு என்று ஒன்று என் மேசைக்கு வரும்வரை இதை விட்டு நான் எங்கேயும் போகப்போவதில்லை. ஆனால் லாகிங் ரீடைரக்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம், எதற்காகவும் வேண்டாம். பழைய ஸ்கிரிப்டில் அந்த வரி இருந்தால் இன்றைக்கே நீக்கிவிடுங்கள். பதிப்பு 9-க்கு முந்தைய ஜிடிபி உள்ள சர்வரில் மாட்டிக்கொண்டால் பைத்தான் வழிதான், அந்த ஜிடிபி பைத்தான் சேர்த்து பில்ட் செய்யப்பட்டிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.