எண்ணிப் பார்க்க வைக்கும் பாடம்: ஓர் இணையவழி உயிரியல் தொடரின் மதிப்புரை

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தொடக்கநிலை உயிரியல் பாடத்தொடர் ஒன்றை என் மகளுடன் சேர்ந்து ஐந்து மாதங்களில் படித்து முடித்தேன். உயிரியலின் அடிப்படைகள், மரபியல், சுற்றுச்சூழல் அறிவியல் என்று மூன்று பகுதிகள். மொத்தம் 42 காணொளிப் பாடங்கள். அவற்றோடு ஒரு பயிற்சி நூலும், சிறிய நுண்ணோக்கி அடங்கிய செய்முறைப் பெட்டியும் வருகின்றன. குறைகளையும் விளக்கமாகச் சொல்லப் போவதால், வெளியிட்டவர்களின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதே வகையில் வரும் எந்தத் தொடரை வாங்க நினைப்பவரும் எதைப் பார்த்து வாங்கலாம் என்பதற்கு இந்த அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

ஒரு பாடம் நன்றாக இருக்கிறதா என்று அறிய நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன். இது உண்மை என்று சொல்வதோடு நின்றுவிடுகிறதா, அல்லது இது உண்மை என்று மனிதர்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் காட்டுகிறதா? இந்தத் தொடரின் முதல் இரண்டு பகுதிகளில் பெரும்பாலான பாடங்கள் இரண்டாவதைச் செய்கின்றன. மூன்றாம் பகுதி அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

ஒளிச்சேர்க்கையைத் தொடங்கும் விதத்தைச் சொன்னால் முதல் பகுதியின் தரம் விளங்கும். பாடம் ஆரம்பிக்கும் முன்பே, ஒரு மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, விடையை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என் மகள் ‘மண்’ என்று எழுதினாள். பிறகு பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட்டின் வில்லோ மரச் சோதனை வருகிறது. உலர்த்தி எடைபோட்ட சுமார் 90 கிலோ மண்ணில், இரண்டேகால் கிலோ எடையுள்ள கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் ஏறத்தாழ 77 கிலோவாக வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 57 கிராம் மட்டுமே. 1648-இல், அவர் இறந்த பிறகு வெளியான இந்தக் கணக்கைப் பார்த்ததும் மகள் தன் விடையைத் தானே அடித்தாள். ஆனால் பாடம் அங்கே முடியவில்லை. மரத்தின் எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று வான் ஹெல்மான்ட் முடிவு செய்தது ஏன் தவறு என்று அடுத்துக் கேட்கிறார்கள். அவர் அளந்ததில் பிழையில்லை. காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒளியும் பச்சைப் பகுதிகளும் இதில் வகிக்கும் பங்கை 1779-இல் இங்கன்ஹவுஸ் காட்டியதும், மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது என்பதும் அதன் பிறகே சொல்லப்படுகின்றன. சமன்பாட்டை மனப்பாடம் செய்த பலருக்கு இந்த ஒரு செய்தி வாழ்நாள் முழுவதும் தெரியாமலே போவதை நான் பார்த்திருக்கிறேன்.

செய்முறைப் பெட்டியிலுள்ள நுண்ணோக்கி 40, 100, 400 மடங்கு என மூன்று அளவுகளில் பெரிதாக்குகிறது. முதல் இரண்டிலும் பிம்பம் தெளிவாகவே இருக்கிறது. 400 மடங்கில் வெளிச்சம் போதவில்லை, திருகைத் தொட்டாலே காட்சி விலகிவிடுகிறது. அயோடின் குப்பியின் மூடி இறுக்கமாக இல்லாததால் பாதிக்கு மேல் பெட்டிக்குள்ளேயே கசிந்திருந்தது. மாற்றுக் குப்பி கேட்டோம். பத்து நாட்களில் அனுப்பினார்கள்.

முதல் செய்முறை வெங்காயச் செதிலின் உட்புறத் தோல். உரித்து, கண்ணாடித் தகட்டில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, கண்ணாடி வில்லையால் மூடினோம். மகள் அரை மணி நேரம் உட்கார்ந்து அழகாக ஒரு படம் வரைந்தாள். வாங்கிப் பார்த்தால், கனத்த கறுப்பு விளிம்போடு கூடிய வட்டங்களாக இருந்தன. அவை செல்கள் அல்ல, காற்றுக் குமிழ்கள். வில்லையை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தொடவிட்டு, ஊசியால் தாங்கி மெல்ல இறக்கினால் குமிழ் சிக்காது. பள்ளி ஆய்வகத்தில் எந்த ஆசிரியரும் முதலில் சொல்லித்தரும் இந்தச் செய்தி பயிற்சி நூலில் இல்லை. மறுபடி செய்தபோது, செங்கல் அடுக்கியதைப் போன்ற நீண்ட செல்களும், ஒவ்வொன்றிலும் பழுப்பேறிய புள்ளியாக உட்கருவும் தெரிந்தன. தாவர செல் படத்தில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நிறப் பசுங்கணிகம் இருக்கிறதே, இங்கே பச்சையாக ஒன்றுமே இல்லையே என்று அவள் கேட்டாள். பக்கத்தைத் திருப்பினால் நூலும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. மண்ணுக்கடியில் வெளிச்சமில்லாமல் இருக்கும் பகுதிக்குப் பசுங்கணிகத்தால் என்ன பயன் என்று அவளே சொல்லிவிட்டாள். மாணவரின் மனத்தில் எந்த இடத்தில் எந்தக் கேள்வி எழும் என்று அறிந்து எழுதியவர்கள், குமிழை மட்டும் எப்படி மறந்தார்கள் என்று தெரியவில்லை.

செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம் பற்றிய பாடங்கள் சராசரியானவை. பள்ளிப் பாடநூலைத் தாண்டி அவற்றில் ஒன்றும் இல்லை.

தொடரின் சிறந்த பகுதி மரபியல். ஓங்கு பண்பு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது), ஒடுங்கு பண்பு (இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) என்ற சொற்களைச் சொல்லி, பிள்ளைகளுக்கு எந்தப் பண்பு வரும் என்று கணிக்கும் கட்டம் போடச் சொல்லும் வழக்கமான முறைக்கு மாறாக, இரண்டு நாணயங்களைக் கொடுத்துத் தொடங்குகிறார்கள். ஒரு நாணயம் தாயிடமிருந்து வரும் அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்), மற்றொன்று தந்தையிடமிருந்து வருவது. இரண்டும் பூவாக விழுந்தால் மட்டும் ஒடுங்கு பண்பு வெளிப்படும். நாற்பது முறை சுண்டச் சொன்னார்கள். கணக்குப்படி பத்து முறை வர வேண்டும். மகளுக்குப் பதினான்கு வந்தது. தான் எங்கோ தவறு செய்துவிட்டதாக நினைத்து மீண்டும் சுண்டினாள். இம்முறை ஏழு வந்தது. அவள் முகம் சுருங்கிய அந்த இடத்தில்தான் அடுத்த காணொளி தொடங்குகிறது.

மரபியலின் முன்னோடியான மெண்டல் பட்டாணி விதைகளின் வடிவத்தை ஆராய்ந்தபோது 253 கலப்பினச் செடிகளிலிருந்து 7,324 விதைகள் கிடைத்தன. 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை, அதாவது 2.96-க்கு 1. இந்த எண்களைப் பல நூல்கள் தருகின்றன. இந்தத் தொடர் தனித்தனிச் செடிகளின் கணக்கையும் தருகிறது. ஒரு செடியில் 43 உருண்டை விதைகள், 2 மட்டுமே சுருங்கியவை. இன்னொன்றில் 14 உருண்டை, 15 சுருங்கியவை. அந்த இரண்டாம் செடியை மட்டும் பார்த்திருந்தால் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதமே யாருக்கும் தோன்றியிருக்காது. மெண்டல் இவற்றை மறைக்காமல் 1866-இல் வெளியான தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார். விகிதம் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் இயற்கை தரும் வாக்குறுதி அல்ல, பெரும் எண்ணிக்கையில்தான் அது வெளிப்படும் என்பதை என் மகள் அன்று புரிந்துகொண்டாள். பெற்றோர் இருவரும் ஒரு ஒடுங்கு நோயின் அல்லீலைச் சுமந்தால், நான்கு பிள்ளைகளில் ஒருவருக்குக் கட்டாயம் அந்த நோய் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் இந்தப் பாடத்தைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவள் விடவில்லை, ஒரு வாரம் சுண்டி 200 வரை கொண்டு போனாள். 52 வந்தது.

இவ்வளவு நல்ல பகுதியில் ஒரு பெரிய பிழையும் இருக்கிறது. ‘உங்கள் குடும்பத்தின் மரபுப் பண்புகள்’ என்ற பயிற்சித்தாள், நாக்கைச் சுருட்டும் திறன் ஒரே மரபணுவால் அமையும் ஓங்கு பண்பு என்று சொல்லி, வீட்டிலுள்ளவர்களைச் சோதித்து அட்டவணை நிரப்பச் சொல்கிறது. எனக்கும் என் மனைவிக்கும் நாக்கு சுருளாது, மகளுக்குச் சுருளும். அந்தத் தாளின்படி ஒடுங்கு பண்புடைய இரு பெற்றோருக்கு ஓங்கு பண்புடைய பிள்ளை பிறக்க வழியே இல்லை. அவள் கட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் தாளை என்னிடம் நீட்டினாள். எனக்கு விடை தெரிந்திருந்ததால் சிரமமில்லாமல் போயிற்று. 1940-இல் இந்தக் கருத்தை வெளியிட்டவர் மரபியலாளர் ஸ்டர்டவன்ட். 1952-இல் மேட்லாக் என்பவர் ஒத்த இரட்டையர் 33 இணைகளைச் சோதித்தபோது, 7 இணைகளில் ஒருவருக்குச் சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை. ஒரே மரபணுத் தொகுப்பை உடையவர்களிடமே வேறுபாடு இருக்கும்போது, அதை ஒற்றை மரபணுவின் வேலை என்று சொல்ல முடியாது. ஸ்டர்டவன்ட்டும் பின்னர் தம் கருத்தைக் கைவிட்டார். விடை தெரியாத ஒரு வீட்டில் அந்தத் தாள் என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்து, அன்றிரவே வெளியீட்டாளருக்கு எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. தாள் இதுவரை மாற்றப்படவில்லை.

டிஎன்ஏ பற்றிய பாடங்கள் நன்று. அரிவாள் செல் சோகை என்ற மரபுவழி இரத்த நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களில் ஆறாவது ஒன்று மட்டும் மாறுவதையும், அதற்குக் காரணம் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியதே என்பதையும் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். 1953-இல் இரட்டைச் சுருள் வெளியான கதையில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்-கதிர்ப் படங்களுக்கு உரிய இடம் கொடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சுற்றுச்சூழல் பகுதிக்கு வந்ததும் குரலே மாறிவிடுகிறது. அளப்பதும் எண்ணுவதும் போய், அறிவுரை வந்துவிடுகிறது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ‘நாம் என்ன செய்ய வேண்டும்?’ என்ற ஒரே கேள்வி. மரம் நடுவோம், நெகிழியைத் தவிர்ப்போம் என்று எழுதினால் முழு மதிப்பெண். இயற்கையின் மீது அக்கறை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மாணவருக்கு எதுவும் புரியாமலே அந்த விடையை எழுதிவிட முடிகிறது.

உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் பத்து சதவீத ஆற்றல்தான் மேலே செல்லும் என்பதை இயற்பியல் விதியைப் போல எழுதியிருக்கிறார்கள். 1942-இல் லிண்டெமன் ஒரு சிற்றேரியை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கருத்து இது; இயற்கையில் இந்த அளவு இடத்துக்கு இடம் கணிசமாகக் கூடும், குறையும். மெண்டலின் செடிகள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டதைப் பார்த்துவிட்டு வரும் மாணவருக்கு, ஏரியை யார், எப்படி அளந்தார்கள் என்று சொல்லாமல் விட்டது ஏமாற்றமே.

அதைவிடக் கடுமையான பிழை ஒரு படத்தில் இருக்கிறது. ஓசோன் ஓட்டை வழியாகச் சூரியக் கதிர்கள் நுழைந்து பூமியைச் சூடாக்குவதாக அது காட்டுகிறது. ஓசோன் படலம் மெலிவதற்கு முக்கியக் காரணம் குளோரோஃபுளோரோகார்பன்கள். அதனால் வரும் முதன்மைத் தீங்கு, கூடுதலாக வரும் புறஊதாக் கதிர்கள். புவி வெப்பமாவதற்கு முக்கியக் காரணமோ கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. 1985-இல் அண்டார்டிக்காவின் மேல் ஓசோன் குறைவது தெரியவந்து, 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவான வரலாற்றைத் தனியாகச் சொல்லியிருந்தால், இரண்டும் வேறு என்பது தானே விளங்கியிருக்கும்.

ஹவாயிலுள்ள மவுனா லோவாவில் 1958 முதல் அளக்கப்பட்டுவரும் கார்பன் டை ஆக்சைடு வரைபடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அப்போது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கோடு ஏறுகிறது என்பதோடு விளக்கம் நின்றுவிடுகிறது. ஆனால் அந்தக் கோடு ரம்பப் பல்லைப் போல ஆண்டுதோறும் ஏறி இறங்குவது ஏன் என்று கேட்டது என் மகள். வட அரைக்கோளத்தின் காடுகள் கோடையில் இலைவிட்டு வளரும்போது காற்றிலிருந்து கார்பனை இழுக்கின்றன; குளிர்காலத்தில் மட்கும் இலைகள் அதைத் திருப்பித் தருகின்றன. வான் ஹெல்மான்ட்டின் தொட்டியில் நடந்தது அரைக்கோளம் முழுவதும் நடப்பதை அந்தப் பற்கள் காட்டுகின்றன. முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் இணைக்கும் முடிச்சு அந்த வரைபடத்திலேயே இருந்தும், தொடர் அதைத் தொடவில்லை.

இப்பகுதியில் ஒரே ஒரு செய்முறை விதிவிலக்கு. நான்கு முளைகளும் கயிறும் கொண்டு ஒரு மீட்டர் சதுரம் அமைத்து, அதற்குள் இருக்கும் செடிவகைகளை எண்ண வேண்டும். செடி அடர்ந்த இடமாகப் பார்த்துச் சதுரம் போட மகள் விரும்பினாள். இடத்தை நாம் தேர்ந்தால் விடையையும் நாமே தேர்ந்ததாகிவிடும் என்று விளக்கி, குலுக்கல் முறையில் இடம் குறிக்கச் சொல்கிறது நூல். வெறும் புல் என்று நினைத்த இடத்தில் ஒன்பது வகைகள் கிடைத்தன.

கலைச்சொற்களில் ஒழுங்கு வேண்டும். ஒரு பாடத்தில் மரபணு, அடுத்ததில் ஜீன். ஓரிடத்தில் குன்றல் பகுப்பு (இனச்செல்கள் உருவாகும் செல் பிரிவு), மற்றோரிடத்தில் மியாசிஸ். எதை ஏற்றாலும் சரி, ஒன்றையே கடைசிவரை பயன்படுத்த வேண்டும். இரண்டும் ஒன்றுதானா என்று என் மகள் மூன்று முறை கேட்டுவிட்டாள். பின்னிணைப்பில் ஒரு பக்கச் சொற்பட்டியல் இருந்தாலே போதுமானது.

மரபியல் பகுதியைத் தனியாகவும் விற்கிறார்கள். அதை மட்டும் வாங்கினாலும் பணம் வீணாகாது. முழுத் தொடரையும் வாங்குவோர், மூன்றாம் பகுதியைப் பிள்ளையைத் தனியே பார்க்க விடாமல், பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு பாடத்திலும் ‘இதை எப்படி அளந்தார்கள்?’ என்று கேட்டுக்கொண்டே நடத்துவது நல்லது. நாக்குச் சுருட்டும் பயிற்சித்தாளை மட்டும் பெட்டி வந்த அன்றே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.